பூளைப்பூவும் உலர்தாவரத் தாள்களும்

சங்க நூல்களில் வரும் செடிகொடிகளை இன்னின்னவை எனத் துணிதல் தமிழாராய்ச்சியின் பழைய பணிகளுள் ஒன்றாகும். உரையாசிரியர்கள் தம் காலத்து வழக்குப் பெயர்களைக் கொண்டு இப்பணியைச் செய்தனர். நிகண்டு நூலார் பெயர்களைத் தொகுத்து வைத்தனர். இருபதாம் நூற்றாண்டில் பி. எல். சாமி, கு. சீநிவாசன் முதலிய அறிஞர்கள் இலக்கியப் பெயர்களோடு தாவரநூற் பெயர்களை இணைத்துக் காட்டினர். அவர்தம் உழைப்பால் இன்று முதுகலை மாணவர் ஒருவர் குறிஞ்சிப்பாட்டின் பூக்களுக்கெல்லாம் நேரான அறிவியற் பெயர்களை ஒரு பட்டியலில் காண இயலுகிறது.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. ‘இப்பெயர் இச்செடியையே குறிக்கும்’ என்று கூறுவார் அக்கூற்றுக்குச் சான்றாக எதனைக் காட்டுவர்? பாடவேறுபாடு பற்றிப் பேசுவோர் ஏட்டுச்சுவடியைக் காட்டுவர். மன்னர் காலம் பற்றிப் பேசுவோர் கல்வெட்டைக் காட்டுவர். செடியைப் பற்றிப் பேசுவோர் காட்டத்தக்க சான்று ஒன்று உண்டு. அது ஹெர்பேரியம் என வழங்கும் உலர்தாவரத் தொகுப்பில் உள்ள தாள். தமிழ்த்துறை ஆய்வுகளில் இச்சான்று மிக அருகியே எடுத்தாளப்படுகிறது. அதன் இயல்பினையும் பயனையும் பூளை என்னும் ஒரு பாழ்நிலப் பூவைக்கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பாழ்நிலமும் பூளையும்

தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் கருத்து. எனவே தமிழ் மரபில் பாலை என்பது பெரும்பாலும் நிலத்தின் ஒரு நிலைமையேயாம். சகாராவும் அரேபியாவும் போன்ற பெரும் பாலைவனம் தமிழகத்தில் இல்லை. ஆயினும் அப்பெரும் பாலைவனங்களில் வாழும் செடிகள் சில நம் நாட்டின் வறண்ட நிலங்களிலும் வாழ்கின்றன. உகாய் என இலக்கியம் கூறும் மரத்தைச் சால்வடோரா பெர்சிகா என்பர். அது அரபு நாடுகளிலும் தமிழகக் கடற்கரையிலும் ஒருங்கே காணப்படுவது. பூளையின் இனமும் அத்தகையதே.

பூளை பல நூல்களில் பயின்று வருகிறது. குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் ‘குரீஇப்பூளை’ என்ற பெயர் உள்ளது. உரைமரபு அதனைச் சிறுபூளை எனக் கொள்ளும். புறநானூற்றில் கல்லாடனார் பாட்டொன்றில் பகைவர் நாடு பாழ்பட்ட இடத்தில் பூளை ஓங்கி நிற்பதாக வருகிறது. பெரும்பாணாற்றுப்படை வரகுச் சோற்றுக்குப் பூளைப்பூவை உவமை கூறுகிறது. பிற்காலச் சமய இலக்கியங்களில் எருக்கு, ஊமத்தை ஆகியவற்றோடு சிவபெருமான் சூடும் பூவாக இது இடம்பெறுகிறது. இவ்விடங்களையெல்லாம் தொகுத்து நோக்கினால், உழவர் பேணாத, மாந்தர் கைவிட்ட நிலத்தில் தானே முளைத்துப் பரவும் வெண்ணிறப் பூவுடைய செடி என்பது பெறப்படும்.

மக்கள் வழக்கிலும் இப்பூ மறையவில்லை. பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலை, ஆவாரம்பூ இவற்றோடு பூளைப்பூவையும் சேர்த்துக் கூரையிலும் வாயிலிலும் செருகும் காப்புக்கட்டு இன்றும் பல மாவட்டங்களில் உண்டு. கூரைப்பூ என்னும் பெயர் இதனால் வந்தது. சென்னையில் ‘கண்ணுப்பிள்ளைப் பூ’ என்று கூவி விற்பர். கண்பூளை, கண்பீளை என்னும் பெயர்களின் மருவே இது. கோடம்பாக்கம், மாம்பலம், மயிலாப்பூர் முதலிய பகுதிகளில் வாழ்வோர் இச்செடி முளைத்து நிற்பதைக் கண்டிராவிடினும் போகி நாளன்று அங்காடித் தெருவில் இதன் கட்டுகளைக் கண்டிருப்பர்.

2. தாள் என்னும் சான்று

செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, மை உறிஞ்சும் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, ஈரம் போக உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டித் தொகுத்து வைக்கும் முறை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் தோன்றியது. லூக்கா கினி (1490–1556) என்னும் பேராசிரியர் இதனைத் தொடங்கியவராகக் கருதப்படுகிறார். பூச்சி அரிக்காமல் இருத்தற்பொருட்டுச் சவ்வீரம் கலந்த நீர்மத்தில் நனைத்தெடுப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. இவ்வாறு பேணப்பட்ட செடி முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் ஆராய்தற்கு ஏற்ற நிலையில் இருக்கும். உலர்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்து விரித்து அதன் உறுப்புகளை எண்ணலாம்.

தாளின் உயிர்நிலை அதன் கீழ்மூலையில் ஒட்டப்பெறும் சிறு குறிப்பாகும். பறித்தவர் பெயர், அவர் இட்ட எண், பறித்த நாள், இடம், நிலத்தின் இயல்பு, செடியின் உயரம், பூவின் நிறம், அவ்வூரார் வழங்கும் பெயர் ஆகியவை அதில் எழுதப்பெறும். காய்ந்த செடி நிறத்தை இழந்துவிடும். மரமாயின் அதன் உயரம் தாளில் விளங்காது. ஆதலின் இக்குறிப்பு இல்லாத தாள் பொருளிழந்து போகும்.

சுவடி ஆராய்ச்சியில் பழகியோர்க்கு இம்முறை புதியதாகத் தோன்றாது. ஏட்டின் இறுதியில் எழுதினவர் பெயரும் ஆண்டும் ஊரும் குறிப்பது போன்றதே இக்குறிப்பு. பிற்கால அறிஞர் ஒருவர் முன்னவர் இட்ட பெயர் பிழை எனக் காணின், பழைய குறிப்பை அகற்றாது புதுச் சீட்டொன்றைத் தம் பெயரும் ஆண்டும் இட்டு அருகில் ஒட்டுவர். இருநூறு ஆண்டுப் பழமையான தாளொன்றில் நான்கைந்து சீட்டுகள் காணப்படுதல் உண்டு. ஒரு நூலுக்குப் பல உரைகள் அடுக்கி வந்தாற்போல அவை விளங்கும். ஒரு புதுச்செடிக்கு முதன்முதற் பெயரிட்டபோது எந்தத் தாள் ஆதாரமாயிற்றோ அதனை மூலமாதிரி என்பர். அப்பெயரின் பொருள் பற்றி ஐயம் நேரின் முடிவு கூறுவது அத்தாளேயாம்.

ஒரு வேறுபாட்டையும் இங்குக் குறித்தல் வேண்டும். குறிஞ்சிப்பாட்டைப் பதிப்பித்த காலத்தில் பூக்களின் பெயர்கள் சில ஏட்டில் சிதைந்து போயிருந்தமையும், உ. வே. சாமிநாதையர் தருமபுர ஆதீனத்துச் சுவடியொன்றில் அவற்றைக் கண்டெடுத்தமையும் அவர்தம் ‘உதிர்ந்த மலர்கள்’ என்னும் கட்டுரையால் யாவரும் அறிவர். அன்று உதிர்ந்தவை பெயர்கள். அவை மற்றொரு சுவடியில் கிடைத்தன. இன்று பெயர்கள் அச்சில் நிலைபெற்றுவிட்டன. அப்பெயர்க்குரிய செடியும், செடியைச் சுட்டிப் பெயர் கூறும் மனிதரும் உதிர்ந்து வருகின்றனர். அவ்விழப்பை ஈடுசெய்யத்தக்க படி வேறெங்கும் கிடையாது.

3. சென்னைப் பகுதியின் பதிவுகள்

இந்திய நகரங்களுள் சென்னையின் செடிகொடிகளுக்கு அமைந்த பதிவுத்தொடர் மிகப் பழமையானது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரௌன் என்பவர் கோட்டைச் சுற்றுப்புறத்திலும் திருப்பதிக்குச் செல்லும் வழியிலும் செடிகளைப் பறித்து உலர்த்தி இலண்டனுக்கு அனுப்பினார். அவருக்குப்பின் எட்வர்டு பல்கலி என்பாரும் இப்பணியைத் தொடர்ந்தார். இலண்டன் மருந்தாளர் ஜேம்ஸ் பெட்டிவர் இவற்றைப் பெற்று அரச கழகத்தின் வெளியீட்டில் விளக்கங்களோடு அச்சிட்டார். ஊரார் வழங்கிய பெயர்களும் அவற்றில் உரோமன் எழுத்தில் இடம்பெற்றன. பெட்டிவர் 1718-இல் மறைந்தபின் அவர் தொகுப்பு ஹான்ஸ் சுலோன் என்பாரிடம் சேர்ந்து, இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. லின்னேயசு இருசொற் பெயர்முறையை நிலைநாட்டிய 1753-க்கு அரை நூற்றாண்டு முற்பட்ட தமிழ்ப் பெயர்கள் செடியோடு சேர்ந்தே கிடைக்கின்றன என்பது மொழியாராய்ச்சியாளர் கருதத்தக்கது.

அடுத்த நிலையில் தரங்கம்பாடி வருகிறது. லின்னேயசின் மாணவரான கோனிக் 1768-இல் அங்கு வந்தார். அவரைச் சூழ்ந்து செடியாராய்ச்சி வளர்ந்தது. 1776-இல் வந்த ராட்லர் பாதிரியார் இவ்வரிசையில் தனிச்சிறப்புடையவர். பிற்காலத்தில் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1836-இல் மறைந்த இவர் இருவகைத் தொகுப்புகளை விட்டுச் சென்றார். ஒன்று, 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதி. மற்றொன்று, இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று பின்னர்க் கியூ தோட்டத்தை அடைந்த உலர்தாவரத் தாள்கள். ஒருவரே சொல்லையும் செடியையும் தொகுத்த அரிய நிகழ்ச்சி இது. ஆயினும் அகராதியைத் தமிழ்த்துறையாரும் தாள்களைத் தாவரவியலாரும் தனித்தனியே பயன்படுத்தி வந்துள்ளனர்.

19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஒயிட் (1796–1872) தென்னாட்டுச் செடிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்தார். அவர் நூல்களின் படங்களை வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் ஆவர். சென்னை அரசின் உலர்தாவரத் தொகுப்பு பின்னர்க் கோயம்புத்தூர்க்கு மாற்றப்பட்டது. இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் தென்வட்டம் 1955-இல் அந்நகரில் அமைந்தபின் அத்துறையின் பொறுப்பில் வந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் அங்குள்ளன. கேம்பிளும் அவர்க்குப்பின் பிஷரும் 1915 முதல் 1936 வரை வெளியிட்ட சென்னை மாகாணத் தாவரநூல் இத்தகைய தாள்களை ஆதாரமாகக் கொண்டெழுந்தது. சென்னை நகரத்துக்கென்றே பி. வி. மயூரநாதன் 1929-இல் எழுதிய பூக்குந்தாவர நூலை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. திருச்சிராப்பள்ளி ரபினட் தொகுப்பினை அடிப்படையாகக் கொண்டு கே. எம். மேத்யூ கருநாடகச் சமவெளிப் பகுதியின் தாவரங்களை 1980-களில் விரிவாக எழுதினார். இவ்வாறு மூன்று நூற்றாண்டுத் தொடர் ஒன்று நம் கையிலுள்ளது.

4. பூளை எனப்படும் இரு செடிகள்

இனிப் பூளைக்கு வருவோம். இன்று தமிழ்நாட்டில் பூளை எனச் சுட்டப்படுவன முதன்மையாக இரண்டு. இரண்டும் கீரை, நாயுருவி ஆகியவை அடங்கும் அமராந்தேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சிறுபூளை என்பது ஏர்வா லனாட்டா. முழங்கால் அளவினதாகப் படர்ந்தும் நிமிர்ந்தும் வளரும் சிறுசெடி. இலை முட்டை வடிவினது. இருபுறமும் மென்மயிர் உடையது. பூங்கதிர்கள் இலைக்கணுக்களில் இரண்டு மூன்றாகத் திரண்டு நிற்கும். ஒவ்வொன்றும் ஒன்றரைச் சென்டிமீட்டர்க்கு மேற்படாத குறுங்கதிர். நிறம் பசுமை கலந்த வெண்மை. தோட்டம், பாதையோரம், தரிசு ஆகியவற்றில் எளிதிற் காணப்படும்.

பெரும்பூளை என்பது ஏர்வா ஜாவனிக்கா. இடுப்பளவும் அதற்கு மேலும் உயர்ந்து வளரும். இலை குறுகி நீண்டது. பூங்கதிர்கள் பத்துச் சென்டிமீட்டர் வரை நீண்டு, இலையற்ற கிளைநுனிகளில் பஞ்சு போர்த்தாற்போல நிற்கும். பெரும்பாலும் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு செடிகளில் தோன்றும். வட ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, ஈரான் வழியாக இந்தியா, இலங்கை வரை வறண்ட நிலமெங்கும் பரவியுள்ள உண்மையான பாலைவனச் செடி இது. தார்ப் பாலைவனத்து மக்கள் இதன் பஞ்சினைத் தலையணையில் அடைப்பர்.

இப்பாலைவனச் செடிக்குப் பெயர் வந்த வரலாறு ஒரு படிப்பினையைத் தருகிறது. 1768-இல் பர்மன் என்பார் இதனை ஜாவாத்தீவின் பெயரால் வழங்கினார். 1775-இல் வெளிவந்த நூலில் ஃபோர்ஸ்கால் அரபு வழக்குப் பெயரை ஒட்டி ஏர்வா என்னும் இனப்பெயரைப் படைத்து, இச்செடியை ஏர்வா டொமென்டோசா என அழைத்தார். பிறிதொரு பெயரால் ஏர்வா பெர்சிகா எனவும் இது நூல்களில் வழங்கும். மூன்றும் ஒரே செடி. முதலில் தோன்றிய அடைமொழியே நிற்றல் வேண்டும் என்பது தாவரப் பெயரிடு விதியாதலின் ‘ஜாவனிக்கா’ நிலைத்தது. ஜாவா இச்செடியின் இயற்கைப் பரப்பில் அடங்குவதன்று. இடக்குறிப்பு ஒன்றில் நேர்ந்த பிறழ்ச்சி பெயரிலேயே நின்றுவிட்டது. ஆதலின் பழைய நூலொன்றில் ‘ஏர்வா பெர்சிகா’ எனவும் புதிய நூலொன்றில் ‘ஏர்வா ஜாவனிக்கா’ எனவும் காணும் மாணவர், பூளைக்குப் பொருள்கூறுவதில் அறிஞர் முரண்படுகின்றனர் என்று எழுதின் அது பெரும்பிழையாகும்.

சிறுபூளை என்னும் பெயர் எவ்வளவு பழமையாக இச்செடியோடு பொருந்தி நின்றது என்பதற்கு நல்ல சான்று மலையாள நாட்டிலிருந்து கிடைக்கிறது. 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் நூலின் பத்தாம் தொகுதியில் ஏர்வா லனாட்டாவின் படம் ‘செறுபூளை’ எனத்தக்க பெயரோடு வரையப்பட்டுள்ளது. இட்டி அச்சுதன் முதலிய உள்நாட்டு மருத்துவர்கள் சொல்லிய பெயர்கள் அந்நூலுக்கு அடிப்படை. இன்றைய மலையாளத்தில் இச்செடி ‘செறூள’ எனப்படும். தசபுஷ்பம் எனும் பத்துப் பூக்களுள் ஒன்றாகப் போற்றப்படும். செறுபூளை என்பதன் இடைநின்ற பகரம் கெட்டு இவ்வடிவம் தோன்றிற்று எனல் பொருந்தும். பெயரும் படமும் ஒருங்கே நிற்பதால், தமிழ் உரைமரபின் ‘சிறுபூளை’யும் இதுவே எனத் துணிதற்கு வலுவான துணை கிடைக்கிறது.

5. பெரும்பாணாற்றுப்படைப் பூளை எது?

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் முல்லைநிலத்து மக்கள் இடும் வரகுச் சோற்றுக்குப் பூளைப்பூவை உவமை கூறுகிறார். அப்பூளைக்கு அவர் தரும் அடை ‘நெடுங்குரல்’ என்பது. குரல் என்பது கதிர், பூங்கொத்து. நெடிய கொத்தினையுடைய பூளை எனின் அது சிறுபூளையா, பெரும்பூளையா?

அகராதியை மட்டும் நோக்குவார்க்கு இவ்வினாவே எழாது. இரு செடிகளின் தாள்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு இது தவிர்க்கலாகாத வினாவாகும். அடைமொழி பெரும்பூளையின் பக்கம் நிற்கிறது. சிறுபூளையின் கதிர் விரல்நகம் அளவினது. அதனை நெடுங்குரல் என்றல் எளிதன்று. பெரும்பூளையின் கதிரோ அதனினும் பன்மடங்கு நீண்டது.

உவமையோ சிறுபூளையின் பக்கம் நிற்கிறது. வரகு சமைத்த சோறு சிறு சிறு பருக்கைகளாக, தனித்தனியே, மங்கிய வெண்மையோடு தோன்றும். சிறுபூளைக் கிளையில் கணுத்தோறும் ஒட்டிய குறுங்கதிர்கள் இப்பருக்கைகளையே நிகர்ப்பன. பெரும்பூளையின் கதிர் நீண்ட பஞ்சுத்திரி போன்றது. பருக்கை என்னும் தோற்றம் அதற்கு இல்லை.

நாம் சிறுபூளை என்றே கொள்ளுகின்றோம். காரணங்கள் மூன்று. முதலாவது, உவமை கூறும் இடத்தில் பொருளை விளக்குவது உவமையின் பொதுத்தன்மையே. அடைமொழி அதற்குத் துணையாக வருவது. இரண்டாவது, சிறுபூளையின் கதிர் குறுகியதாயினும் கதிர் ஏறிய கிளை நெடியது. இலை உதிர்ந்த நிலையில் கிளை முழுதும் ஒரே கொத்தாகத் தோன்றும். காப்புக்கட்டுக்கு ஒடிப்பதும் இக்கிளையைத்தான். அதனைக் கையிற் பிடித்த புலவர் நெடுங்குரல் என்றது இயல்பே. மூன்றாவது, இப்பாட்டு தொண்டைமான் இளந்திரையனைக் காண ஆற்றுப்படுத்துவது. வழிநடை தொண்டைநாட்டில் நிகழ்வது. கேட்போர்க்குக் காலடியில் கிடக்கும் செடியையே உவமையாகக் கூறுதல் புலவர் மரபு; தொண்டைநாட்டுத் தரிசுகளிலும் தெருவோரங்களிலும் எங்கும் கிடப்பது சிறுபூளை.

இம்மூன்றாவது காரணத்தை வலுப்படுத்தவோ மறுக்கவோ வல்லவை பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலும் சென்னைச் சூழலிலும் பறிக்கப்பெற்ற தாள்கள். அவை கோவையிலும் கியூவிலும் இலண்டனிலும் கிடக்கின்றன. தொண்டைநாட்டில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பறித்த பெரும்பூளைத் தாள்கள் பல எனின் நம் முடிவின் வலிமை குறையும். சிறுபூளைத் தாள்களே மிகுதி எனின் அது உறுதிப்படும். ஒரு சொல்லின் பொருளை இவ்வாறு மெய்ப்பித்தற்கும் பொய்ப்பித்தற்கும் இடமளிக்கும் சான்று, ஆராய்ச்சியில் பெரிதும் போற்றத்தக்கதன்றோ?

புறநானூற்றுப் பாழ்நிலப் பூளைக்கும் இம்முறையையே கையாளலாம். அங்குப் பூளை நீண்டு வளர்ந்ததாகக் கூறப்படுதலின், உயரம் பற்றிய குறிப்புடைய தாள்கள் துணைசெய்யும். உழிஞைக்குச் சிறுபூளை எனவும் கொற்றான் எனவும் அகராதிகள் வேறுவேறு பொருள் கூறுவதும் இவ்வாறே ஆராயத்தக்கது. ஒரு புறத்திணைக்கே பெயர் தந்த பூ எது என்பது சிறிய வினா அன்று.

6. வந்தேறிகளை விலக்குதல்

தாள்களால் விளையும் மற்றொரு பயன், பிற்காலத்தில் வந்த செடிகளைப் பிரித்தறிதல். பாலைத்திணைப் பாட்டுகளில் கள்ளி பலவிடத்தும் வரும். இன்று கள்ளி என்றவுடன் பலர் உள்ளத்தில் தோன்றுவது தட்டையான சப்பாத்துக்கள்ளி. அது அமெரிக்கப் பாலைவனத்துச் செடி. கோடம்பாக்கத்துக்குத் தெற்கே சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வினச் செடிகளுக்கென ஒரு தோட்டமே அமைத்தார். செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இவற்றின்மேல் வளர்ப்பது அவர் கருத்து. சங்கப் புலவர் இதனைக் கண்டிருத்தல் இயலாது.

பாட்டின் அகச்சான்றும் இதற்கு உடன்படும். குறுந்தொகையில் வெண்பூதியார் கள்ளியின் காய் வெடிக்கும் ஒலியைக் கூறுகிறார். சப்பாத்துக்கள்ளியின் கனி சதைப்பற்றுடையது; வெடிப்பதில்லை. சதுரக்கள்ளி முதலிய யூபோர்பியா இனத்தின் காய் முற்றி உலர்ந்தபின் ஒலியோடு தெறித்துப் பிளக்கும். இலக்கியக் குறிப்பும் தாவரவியல்பும் தாளின் காலக்குறிப்பும் ஒரே முடிவைக் காட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் வந்து இன்று வறண்ட மாவட்டங்களை மூடியுள்ள சீமைக்கருவேலுக்கும் இது பொருந்தும்.

மருத்துவத்திலும் பெயர்க்குழப்பம் தீங்கு விளைக்கவல்லது. சிறுபூளை சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்கும் நீரடைப்புக்கும் கூறப்படும் மூலிகை. ‘பாஷாணபேதம்’ என்னும் வடமொழிப் பெயரால் தென்னாட்டுக் கடைகளில் இதனை விற்பதுண்டு. வடநாட்டில் அப்பெயர்க்கு உரியது இமயமலையில் வளரும் பெர்ஜீனியா என்னும் வேறொரு செடி. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. பழைய மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் அறிவியற் பெயரை அடிக்குறிப்பில் இடும்போது எவ்வளவு விழிப்பு வேண்டும் என்பதற்கு இது சான்று.

7. நிலம் மாறுதல்

மயிலாப்பூரையும் நுங்கம்பாக்கத்தையும் மாம்பலத்தையும் அளாவிக் கிடந்த நெடிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் வழங்கும் ‘லேக் வியூ’ சாலை என்னும் பெயர் அவ்வேரியின் எச்சம். அதனை அடுத்த கோடம்பாக்கத்தின் தோப்புகளிலும் வெளிகளிலும் 1940-கள் முதல் படப்பிடிப்பு நிலையங்கள் எழுந்தன. பின்னர் அந்நிலையங்கள் பலவும் அடுக்குமாடி வீடுகளாயின. பூளை முளைத்தற்கு வேண்டிய வெற்றுநிலம் இப்பகுதியில் இல்லை என்றே கூறலாம். பொங்கலுக்கு விற்கப்படும் பூளை வெளியூர்களிலிருந்து வருவது.

தென்சென்னையில் பழைய புதர்க்காட்டின் எச்சமாக நிற்பது கிண்டி. முன்னர்ப் பரந்து கிடந்த அக்காட்டின் ஒரு பகுதி ஆளுநர் மாளிகைக்கும், ஒரு பகுதி 1959-இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும், வேறு சில நிறுவனங்களுக்கும் சென்றது. எஞ்சிய ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பு 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. தொண்டைநாட்டுக் கடலோரச் சமவெளியின் இயற்கையான புதர்நிலம் எத்தகையது என்பதைப் பாட்டுப் பயிலும் மாணவர்க்கு நகரின் நடுவே காட்டவல்ல இடம் இதுவே. ஆயினும் காட்டுக்குள் செடி பறித்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது; உரிய இசைவு பெற்றே எதனையும் தொகுத்தல் கூடும்.

ஆகவே கோடம்பாக்கம் போன்ற ஊர்களின் பழைய செடிவளத்தை அறிய விரும்புவார்க்குத் தாள்களே வழி. முன்னர் ஒருவர் கடல்கடந்து சென்றே அவற்றைக் காண முடிந்தது. இன்று கியூ, இலண்டன், இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறை ஆகியவற்றின் தாள்கள் பெருமளவு படிமங்களாக இணையத்தில் உள்ளன. தமிழ்த்துறை மாணவர் தம் மேசையிலிருந்தே சீட்டுகளைப் படிக்கலாம். உரோமன் எழுத்தில் சிதைந்து கிடக்கும் ஊர்ப்பெயர்களையும் செடிப்பெயர்களையும் படித்தறிதல் தமிழறிந்தார்க்கே இயலும். தாவரவியலார்க்கு அஃது அரிது. இத்துறையில் நாம் பெறுவதற்கும் உண்டு; கொடுப்பதற்கும் உண்டு.

8. முடிவு

மேற்கூறியவற்றால் இலக்கியத் தாவரங்களைத் துணிவோர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன. முதலில் ஒரு செடி வரும் இடங்களையெல்லாம் தொகுத்து, அடைமொழி, உவமை, நிலம், பருவம் ஆகியவற்றைப் பிரித்து வைத்தல் வேண்டும். அறிவியற் பெயரை இடும்போது அப்பெயரின் மாற்றங்களை அறிந்து இடுதல் வேண்டும். பின்னர், இப்பெயர்க்குரியது எனத் தாம் கருதும் செடியின் தாளொன்றையேனும் அதன் தொகுப்பு, பறித்தவர், எண், நாள், இடம் என்பவற்றோடு சுட்டுதல் வேண்டும். களப்பணியில் ஊரார் பெயரைக் கேட்டறியும் மாணவர் செடியை உலர்த்தித் தாளாக்கி, பெயரைத் தமிழெழுத்தில் ஒலி பிறழாது எழுதி, அண்மைத் தொகுப்பொன்றில் சேர்த்தல் வேண்டும். செடி இல்லாத பெயரும் பெயர் இல்லாத செடியும் அரைச் சான்றுகளே.

தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் ஒரே வளாகத்தில் அமைந்த கல்லூரிகள் நம் நாட்டில் பல. இரு துறை மாணவரும் ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூடி ஓர் ஊரின் செடிகளையும் அவற்றின் பெயர்களையும் தொகுப்பின் பெருஞ்செலவு ஒன்றும் நேராது. செடிகளின் பெயர் சொல்ல வல்ல முதியோர் இன்னும் சிலர் ஊர்களில் உள்ளனர். பூளைக்கட்டு விற்கும் மகளிர் அதனை எத்தரிசில் ஒடித்தனர் என்பதை இன்னும் கூறுவர். இது செய்தற்கு உரிய காலம். பின்வரும் தலைமுறை நம் முடிவுகளை ஏற்பினும் மறுப்பினும், எதனைக் கண்டு அவ்வாறு கூறினோம் என்பதை அவர்கள் அறிதற்கு ஒரு தாளேனும் இருத்தல் வேண்டும்.